ஏன் விக்கறீங்க?

பழைய பொருளை இணையத்தில் விற்கிறவர்கள் போட்டோ, விலை எல்லாவற்றையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு காரணத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும். வருகிறவர் பொருளைத் தட்டிப் பார்ப்பார், தூக்கிப் பார்ப்பார், குனிந்து அடியில் பார்ப்பார். எல்லாம் முடிந்ததும், ஏதோ இப்போதுதான் தோன்றிய மாதிரி கேட்பார்: "நல்லாத்தானே இருக்கு? ஏன் விக்கறீங்க?" அந்த இடத்தில் ஒரு விநாடி திணறினாலும் போச்சு. ஐந்நூறு ரூபாய் அங்கேயே விழுந்துவிடும்.

காயலான் கடைக்காரர் இதையெல்லாம் கேட்டதில்லை. தராசில் வைத்தார், எடை போட்டார். எடையில் கை வைத்திருப்பாரே தவிர நம் சொந்த விவகாரத்தில் தலையிட்டதில்லை. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்க வரும் அம்மாவும் அப்படித்தான். ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். இந்தப் புடவையை ஏன் இப்போது கட்டுவதில்லை என்று விசாரிக்க மாட்டார். சென்ட்ரல் பக்கத்தில் 1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் என் அப்பா கல்லூரிப் புத்தகங்களை விற்றிருக்கிறார். பாஸானதால் விற்கிறாரா, படிப்பை விட்டதால் விற்கிறாரா என்று அங்கே ஒருவரும் கவலைப்படவில்லையாம். இணையம் வந்த பிறகுதான் நடுவில் இருந்த ஆள் காணாமல் போய், விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே ஹாலில் எதிரெதிரே உட்காரும்படி ஆகிவிட்டது. கடைக்காரர் மேல் பட வேண்டிய சந்தேகம் முழுக்க நம் மேல் படுகிறது.

நங்கநல்லூரில் எங்கள் அபார்ட்மென்ட்டில் யாருக்கு எது விற்க வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். கமிஷன் கிடையாது, காபி மட்டும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: காரணங்களில் தரம் இருக்கிறது. "பையன் அமெரிக்காவுல செட்டிலாயிட்டான்" என்பது முதல் தரம். பொருளுக்கும் மரியாதை, குடும்பத்துக்கும் மரியாதை. டிரான்ஸ்ஃபர் அதற்கு அடுத்தது. ஆனால் லாரி என்றைக்கு வருகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிடக் கூடாது, அந்தத் தேதிவரை அவர்கள் காத்திருப்பார்கள். "புதுசு வாங்கிட்டோம்" என்று சொன்னால் பழசில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். "இடத்தை அடைக்குது" என்பது தற்கொலைக்குச் சமம். நம் வீட்டில் அடைத்தது அவர் வீட்டில் மட்டும் அடைக்காதா?

மூன்றாவது மாடியில் ஒரு தொட்டிலை விற்க வேண்டியிருந்தது. வந்த பெண்ணிடம் வீட்டுக்கார அம்மாள், "இனிமே எங்களுக்குத் தேவைப்படாதுங்க" என்றார். வந்தவள் வயிற்றைத் தடவிக்கொண்டே மாடியிறங்கிப் போய்விட்டாள். அடுத்து வந்தவர்களிடம் நான் பேசினேன்: "இதுல ரெண்டு பேர் வளர்ந்தாச்சு. ஒருத்தன் இன்ஜினீயர், ஒருத்தி சி.ஏ. படிக்கறா." கேட்ட விலைக்குப் போயிற்று. இரண்டுமே உண்மைதான். ஒரு பொருளைப் பற்றிப் பல உண்மைகள் இருக்கும். எதை ஹாலில் வைப்பது, எதை உள்ளறையில் வைப்பது என்பதுதான் விற்கிறவர் சாமர்த்தியம்.

சில சமயம் காரணமே தேவைப்படாது. ஜூன் பிறக்கும்போது படிப்பு மேசையையும், மாசிக் கடைசியில் ஏர் கூலரையும் விளம்பரம் போட்டால் கேள்வி கேட்காமல் தூக்கிக்கொண்டு போவார்கள். புரட்டாசி அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஸ்டீல் கொலுப்படி வைத்திருப்பவர்தான் ஊருக்கு ராஜா. அதே படியை விஜயதசமிக்கு மறுநாள் விற்கப் போனால் இரும்பு விலைதான்.

எங்கள் வீட்டில் விலை நிர்ணயம் என் கணவரின் இலாகா. கல்யாணமானதிலிருந்து வாங்கிய எல்லாவற்றுக்கும் பில் வைத்திருக்கிறார். சிலவற்றுக்குப் பொருள் போய்விட்டது, பில் பத்திரமாக இருக்கிறது. அவர் கணக்குப்படி வாங்கின விலை ஒன்று, அதற்குப் பிறகு ஏறின விலைவாசி ஒன்று, "இந்த மாதிரி தகடு இப்ப வருமா?" என்பது ஒன்று. மூன்றையும் கூட்டினால் கடையில் புதுசே இரண்டு வாங்கலாம். இதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. 1990-ல் கானமன், நெட்ஷ், தாலர் என்ற மூன்று பேராசிரியர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மாணவர்களில் பாதிப் பேர் கையில் ஆளுக்கொரு காபிக் கோப்பையைக் கொடுத்து, மற்றவர்களுக்கு விற்கச் சொல்லியிருக்கிறார்கள். கோப்பை வைத்திருந்தவர்கள் கேட்ட விலை, வாங்க வந்தவர்கள் சொன்ன விலையைப் போல இரண்டு மடங்கு. அத்தனைக்கும் கோப்பை கைக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கொஞ்ச நேரத்துக்கே இரண்டு மடங்கு என்றால், கல்யாணத்துக்கு மாமனார் வாங்கிக் கொடுத்த பீரோவுக்கு மனுஷர் என்னதான் கேட்கக் கூடாது? அந்த மூவரில் கானமனுக்கு 2002-லும் தாலருக்கு 2017-லும் பொருளாதார நோபல் கிடைத்தது. இவரிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால், "பாத்தியா, ரெண்டு மடங்குதான் நியாயம்னு நோபலே குடுத்திருக்கான்" என்பார்.

நான் செய்வது இதுதான். அதே மாதிரிப் பொருள் புதுசாக என்ன விலை என்று பார்த்து, நல்ல நிலையில் இருந்தால் அதில் பாதி. பேரத்தில் விட்டுக்கொடுப்பதற்கென்று அதன் மேல் ஒரு தொகை. அந்தத் தொகை நம்முடையதே இல்லை. வருகிறவர் ஜெயித்துவிட்டுப் போவதற்காக ஒதுக்கி வைத்த பணம். ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் வாங்கிப் போனவருக்கு ராத்திரி தூக்கம் வராது. மறுநாள் ஏதாவது குறை சொல்லி போன் பண்ணுவார்.

போட்டோவைக் காலை வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் வைத்து, ஃபிளாஷ் போடாமல் எடுக்க வேண்டும். முன்பக்கம், பின்பக்கம், மாடல் எண் ஒட்டிய இடம், அப்புறம் கீறல். கீறலுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுத்தால் அளவு தெரிந்துவிடும். பின்னணியில் கொடியில் காயும் துண்டு தெரியக் கூடாது. எங்கள் ஹாலில் நீலப் பூப்போட்ட திரைச்சீலை ஒன்று இருக்கிறது. நான் விற்ற சாமான்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டவைதான்.

கீறலை எதற்கு நாமே காட்டிக் கொடுக்க வேண்டும் என்று இவர் சண்டைக்கு வருவார். ஈபே என்ற பெரிய இணையச் சந்தை 1995-ல் தொடங்கியபோது அதில் முதலில் விலைபோன சாமான், உடைந்துபோன ஒரு லேசர் பாயின்ட்டர். 14 டாலர் 83 சென்ட். ஆரம்பித்தவரான பியர் ஓமித்யாருக்கே சந்தேகம் வந்து, "இது உடைஞ்சதுன்னு தெரியும்தானே?" என்று வாங்கியவரைக் கேட்டாராம். தெரியும், உடைந்த லேசர் பாயின்ட்டர்களைத்தான் சேர்க்கிறேன் என்று பதில் வந்ததாம். நங்கநல்லூரில் அப்படி ஒருவர் கிடைப்பது கஷ்டம்தான். ஆனாலும் "இடது பக்கம் கதவு கொஞ்சம் இழுத்து மூடணும்" என்று எழுதிய பீரோ, "சூப்பர் கண்டிஷன்" என்று எழுதிய பீரோவுக்கு முன்னால் விற்றுப்போனதை நானே பார்த்திருக்கிறேன். குறையை நாமே சொல்லிவிட்டால், தேடி வருகிறவருக்கு வேலை இல்லாமல் போகிறது.

விளம்பரம் போட்ட நிமிஷமே "இன்னும் இருக்கா?" என்று செய்தி வரும். "இருக்கு" என்று பதில் போட்டால் கேட்டவர் மறைந்துவிடுவார். இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது மட்டுமே அவர் ஆசை. அடுத்தவர் எடுத்த எடுப்பிலேயே "லாஸ்ட் எவ்ளோ?" என்பார். இரண்டு பேரையும் பொருட்படுத்தக் கூடாது.

இரும்புக் கட்டிலுக்கு வந்தவர் இவர்கள் மாதிரி இல்லை. ராணுவ அதிகாரி என்றார். படத்தில் சீருடை, மீசை எல்லாம் இருந்தது. சென்னைக்கு மாற்றலாகி வருகிறாராம். வண்டி அனுப்பி எடுத்துக்கொள்கிறேன், பணம் இப்போதே போடுகிறேன் என்றார். சொன்ன விலைக்குச் சரி என்றார். "மிலிட்டரிக்காரங்கன்னா மிலிட்டரிக்காரங்கதான்" என்று இவர் சிலிர்த்துப் போய்க் கண்ணாடியைத் தேடினார். அவர் அனுப்பிய கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, ரகசிய எண்ணைப் போட்டால் பணம் வந்துவிடுமாம். எனக்கு அதற்கு முன்பே உறைத்துவிட்டது. பழைய இரும்புக் கட்டிலுக்குப் பேரம் பேசாதவர், ஏன் விற்கிறீர்கள் என்று கேட்காதவர் எந்தப் படையில் இருக்க முடியும்? "சார், நீங்க ஏன் வாங்கறீங்க?" என்று கேட்டேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

யுபிஐ-யில் பணம் அனுப்பத்தான் ரகசிய எண் வேண்டும். வாங்குவதற்கு எதுவுமே வேண்டாம். எண்ணைக் கேட்கிறது என்றால் பணம் நம் கணக்கிலிருந்து புறப்படுகிறது. தனி ஆட்கள் ஒருவரையொருவர் "பணம் அனுப்பு" என்று கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தியே விட்டார்கள். ஆனாலும் கியூஆர் கோடு இருக்கிறதே. யாராவது மாட்டிக்கொண்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930-க்கு போன் செய்ய வேண்டும்.

நிஜமான வாடிக்கையாளர் எப்படி இருப்பார் என்பதை கிரைண்டர் விற்றபோது பார்த்தேன். கோயமுத்தூர் கிரைண்டர், சாய்த்து ஊற்றும் ரகம், எங்கள் கூட்டுக் குடும்பக் காலத்தது. பல்லாவரத்திலிருந்து ஓர் அம்மாள், மகனோடு குட்டி யானையில் வந்தார். ஞாயிற்றுக்கிழமை, மணி நாலே முக்கால். உள்ளே வந்து காலண்டரைப் பார்த்தார். "ஆறு மணி வரைக்கும் ராகு காலம்மா. காசு கை மாறக் கூடாது. ஆனா பாக்கறதுக்கு ராகு காலம் இல்லை" என்று சொல்லி, பையிலிருந்து ஒரு தூக்கை எடுத்தார். ஊறவைத்த உளுந்து!

நின்ற இடத்தில் கிரைண்டரைப் போட்டார். பெல்ட் சத்தத்துக்குக் காது கொடுத்தார். குழவியைத் தடவி, "கொத்தி ரொம்ப நாளாச்சு போல" என்றார். கையால் தண்ணீர் தெளித்துத் தெளித்து முக்கால் மணி நேரம் அரைத்தார். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி, மாவில் ஒரு துளி கிள்ளி அதில் போட்டார். பந்தாக மிதந்தது. ஹாலில் நிம்மதி பரவியது. மகன் எழுந்து கயிற்றைத் தேடப் போனார்.

"ஏம்மா, இவ்ளோ நல்லா அரைக்குதே. ஏன் விக்கறே?"

"நாங்க ரெண்டே பேர்தாம்மா. கடையில பாக்கெட் மாவு வாங்கிக்கறோம்."

அந்த அம்மாள் என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் பையன்கள் எங்கே, மருமகள்கள் யார் என்றெல்லாம் விசாரித்திருந்தால்கூட இவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது. அரைத்த மாவை வழித்து எங்கள் பாத்திரத்திலேயே போட்டார். "வச்சுக்கோ. நாளைக்கு நாலு வடை தட்டிச் சாப்பிடுங்க." ஆறு மணி அடித்ததும் பணத்தை எண்ணிக் கொடுத்தார். முந்நூறு ரூபாய் குறைந்தது. கேட்டதற்கு, "மாவு குடுத்தேனே?" என்றார். எங்கள் கிரைண்டரில், எங்கள் கரன்ட்டில் அரைத்த மாவு! இவர் அதற்கு பில் கேட்காததுதான் அதிசயம்.

ட்ரெட்மில் கதை வேறு. அதை ஏன் விற்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவருக்கே தெரியும். டாக்டர் நடக்கச் சொன்னார், இவர் வாங்கினார், துணி காயப்போட்டோம். வேளச்சேரியிலிருந்து ஒரு பையன் வந்து, பேருக்குக் கொஞ்சம் பேரம் பேசி, எடுத்துக்கொண்டு போனான்.

சில மாதம் கழித்து ஒருநாள் இவர் போனைத் தள்ளிக்கொண்டே கூப்பிட்டார். "இங்க பாரேன், ஒரு ட்ரெட்மில். நம்ம வீட்டுல இருந்த மாதிரி டப்பா இல்லை, நல்ல கண்டிஷன்." எட்டிப் பார்த்தேன். நான் எடுத்த போட்டோ. கீறலுக்குப் பக்கத்தில் நான் வைத்த ஒரு ரூபாய். விலை மட்டும் எங்களுடையதைவிட இரண்டாயிரம் அதிகம். கீழே "வெளிநாடு செல்வதால்" என்று முதல் தரக் காரணம். இவரைக் குற்றம் சொல்ல முடியாது. மேலே துணி இல்லாமல் அதை அவர் பார்த்ததே இல்லை. படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார்.

"பின்னாடி இருக்கே, அந்தத் திரைச்சீலை ரொம்ப நல்லா இருக்கு. அதையும் சேத்துக் குடுப்பாங்களான்னு கேளேன்."