துரைக்குத் தமிழ் தெரியாது

தமிழ் சினிமாவின் சரித்திரத்தை எழுத உட்காருகிறவர்கள் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற பெயர் வரும் இடத்தில் கொஞ்சம் நெளிவார்கள். காதல், கற்பு, பக்தி, அனல் பறக்கும் வசனம் என்று நம்முடைய சொந்தச் சரக்காக நாம் நினைத்துக்கொண்டிருப்பதையெல்லாம் ஒழுங்காகப் படம் பிடித்துக் கொடுத்தவர்களில் ஒருவர், ஒஹாயோ மாநிலத்தில் பார்ட்டன் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் 1909-ல் பிறந்த அமெரிக்கர். இங்கே பதினைந்து வருஷம் இருந்தார், தமிழ் கற்றுக்கொள்ளவில்லை. வாடகை வீட்டில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாதவர்கள் நம்மிலும் உண்டு என்பதால் இதைப் பெரிய குற்றமாகச் சொல்ல முடியாது.

கதை கலிபோர்னியாவில் ஆரம்பிக்கிறது. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்த டங்கனுக்கு மாணிக் லால் டாண்டன் என்ற இந்தியர் வகுப்புத் தோழர். அமெரிக்காவில் அப்போது பொருளாதார மந்தம். வேலை கிடைக்காத பட்டதாரியிடம் "எங்கள் ஊருக்கு வா, படம் எடுக்கலாம்" என்று யார் சொன்னாலும் கிளம்பிவிடுவான். 1935-ல் டாண்டனை நம்பி டங்கனும் மைக்கேல் ஓர்மலேவ் என்ற இன்னொரு சகாவும் கப்பல் ஏறினார்கள். சில மாதம் இருந்து பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். ஓர்மலேவ் திட்டப்படி நடந்துகொண்டார்.

டாண்டன் அப்போது கே.பி. சுந்தராம்பாளை வைத்து ‘பக்த நந்தனார்’ எடுத்துக்கொண்டிருந்தார். நந்தனாராக நடிக்க அம்மையாருக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். ஒரு பெண், ஆண் வேஷத்தில், சிவபெருமானைத் தேடிப் பாடிக்கொண்டே நடப்பதற்கு ஒரு லட்சம்! மந்தத்தில் இருந்து தப்பி வந்த டங்கன் அந்தத் தொகையை மனசுக்குள் டாலராக மாற்றிப் பார்த்திருப்பார். ஊர் திரும்பும் யோசனை அங்கேயே தளர்ந்திருக்க வேண்டும்.

அடுத்து டாண்டனைத் தேடி வந்த படம் ‘சதி லீலாவதி’. அவருக்கு நேரமில்லை. "என் நண்பன் இருக்கிறான், கெட்டிக்காரன்" என்று கை காட்டிவிட்டார். கெட்டிக்காரனுக்கு பாஷை தெரியாதே என்று தயாரிப்பாளர் கேட்டாரா என்பதற்குச் சான்று இல்லை. அந்தக் காலத்துத் தமிழ்ப் படத்தில் நாற்பது பாட்டு இருக்கும். நடுநடுவே பேச்சு. பாஷை தெரிந்தவர்களே அதைப் பெரிதாகக் கவனித்ததில்லை.

1936-ல் வந்த ‘சதி லீலாவதி’யை மட்டும் தனியாக எழுதினாலே ஒரு நகைச்சுவை நாவல் தேறும். எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதை. குடியால் கெட்டுப்போன கதாநாயகன், கொலை செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஓடி, கூலி வேலை பார்த்துத் திருந்துகிறான். எம்.கே. ராதா கதாநாயகன். படம் வெளிவரும் முன்பே "இது எங்கள் ‘பதிபக்தி’ நாடகம், திருடிவிட்டார்கள்" என்று மறுதரப்பு கோர்ட்டுக்குப் போனது. வாசன் சாட்சிக் கூண்டில் ஏறி ஒரே போடாகப் போட்டார்: என் கதையும் அவர்கள் நாடகமும் ஹென்றி வுட் சீமாட்டி எழுதிய ‘டேன்ஸ்பரி ஹவுஸ்’ என்ற ஆங்கில நாவலில் இருந்து வந்தவைதான். "நானும் எடுத்தேன், அவர்களும் எடுத்தார்கள், இதில் யார் யாரிடம் திருடியது?" என்ற இந்த வாதத்துக்கு முன்னால் வழக்கு புஸ்ஸென்று போய்விட்டது. தமிழ்க் கதை இலாகாவின் சாசனம் என்று அந்தச் சாட்சியத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

அந்த மூல நாவல் ஸ்காட்லாந்தின் மதுவிலக்குச் சங்கம் நடத்திய போட்டிக்காக எழுதப்பட்டு நூறு பவுன் பரிசு வாங்கியது. ஆக, ஸ்காட்லாந்துக்காரர்கள் குடியை விடுவதற்காக ஓர் ஆங்கிலேயப் பெண்மணி எழுதியதை வாசன் தமிழாக்க, அமெரிக்கர் ஒருவர் டைரக்ட் செய்தார். படத்தில் வரும் தமிழ்ப் பெண்ணின் பதிவிரதா தர்மத்தைப் பார்த்துக் கொட்டகையில் எல்லோரும் கண்ணீர் விட்டார்கள்.

இதே படத்தில் ரங்கய்ய நாயுடு என்ற இன்ஸ்பெக்டராகச் சில நிமிஷம் தலைகாட்டிய ஒல்லிப் பையனுக்கு முன்பணமாக நூறு ரூபாய் நோட்டு கிடைத்தது. பெயர் எம்.ஜி. ராமச்சந்திரன். டி.எஸ். பாலையாவுக்கும் இதுதான் கன்னி முயற்சி. என்.எஸ். கிருஷ்ணனும் இதில் நடித்தார். டங்கன் இவர்களையெல்லாம் கண்டுபிடித்தார் என்று எழுதுவது வழக்கம். அவர் யாரையும் கண்டுபிடிக்கவில்லை. காமிரா வைத்த இடத்துக்கு எதிரே அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

தமிழ் தெரியாமல் எப்படி டைரக்ட் செய்தார்? பக்கத்தில் உதவியாளர்கள் இருப்பார்கள், வசனத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கையில் வைத்திருப்பார். உச்சரிப்பு சரியா என்று உதவியாளர் சொல்வார், முகம் சரியா என்று இவர் சொல்வார். இங்கேதான் நமக்கு அதிர்ஷ்டம் அடித்தது. அன்றைய பேசும்படம் என்பது காதுக்கு உண்டான சமாசாரம். மேடை நாடகத்தை அப்படியே நிறுத்தி, முன்னால் காமிராவை ஆணியடித்து, பாட்டு முடியும்வரை ஓட விடுவார்கள். நடிகர் கடைசி வரிசை பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்று கத்துவார், அவர் எதிரே ஒரு அடி தூரத்தில் மைக் இருந்தாலும். பாட்டில் சொக்கிப்போக வழியில்லாத டங்கனுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. காமிராவை நகர்த்தினார், நடிகர்களை அடக்கி வாசிக்கச் சொன்னார், முகத்தில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்தார்.

1937-ல் ‘அம்பிகாபதி’. எம்.கே. தியாகராஜ பாகவதர் கதாநாயகன், சோழ இளவரசி அமராவதியாக எம்.ஆர். சந்தானலட்சுமி. கம்பர் மகன் அம்பிகாபதி நூறு பாட்டு பாட வேண்டும். காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணியதில் ஒன்று குறைந்து தலை போகிறது. கணக்கில் தவறியதற்கு மரண தண்டனை விதித்த ஒரே காதல் காவியம் இது. டங்கனுக்குக் கம்பரும் தெரியாது, சோழரும் தெரியாது. ஆனால் காதலித்துச் சாகும் ஜோடியைத் தெரியும். ‘ரோமியோ ஜூலியட்’டில் பிடித்த இடங்களைக் குறித்து வசனகர்த்தா இளங்கோவனிடம் கொடுத்தார். இளங்கோவன் அதைச் சோழநாட்டுத் தமிழில் வார்த்தார். ஷேக்ஸ்பியர் உறையூரில் குடியேறியது யாருக்கும் உறுத்தவில்லை. படம் அமோகமாக ஓடியது. நம் கலாசாரத்தை வெள்ளைக்காரன் கெடுக்கிறான் என்ற புகாரும் கூடவே ஓடியது. பலமுறை பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் புகார் செய்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

அடுத்து சங்கீத வித்வான்கள் வரிசையாக அவரிடம் மாட்டினார்கள். 1940-ல் ‘சகுந்தலை’யில் எம்.எஸ். சுப்புலட்சுமியும் ஜி.என். பாலசுப்பிரமணியமும். அதே வருஷம் ‘காளமேகம்’ படத்தில் நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை. தோடிக்கும் கல்யாணிக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவர், தோடி என்றாலே பெயர் சொல்லப்படும் மனிதரைப் பார்த்து "கட்" என்று சொல்லியிருக்கிறார். அந்தத் துணிச்சல் இந்த மண்ணில் பிறந்தவனுக்கு வராது. நடுவில் யுத்தம் வந்தபோது டங்கன் அரசாங்கத்துக்காகச் செய்திப்படங்களும் எடுத்தார். டாக்குமெண்டரி பழக்கம் அப்போது ஒட்டியது, பிற்பாடு சோறு போட்டது.

1945-ல் ‘மீரா’. இதற்கு முன்னேற்பாடாக டங்கன் செய்த காரியம் பிரசித்தம். எம்.எஸ்ஸின் மார்பளவு உருவத்தைப் பிளாஸ்டரில் செய்யச் சொல்லி, ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியுடன் சேர்ந்து, எந்தக் கோணத்தில் எந்த விளக்கைப் போட்டால் முகம் எப்படித் தெரிகிறது என்று அந்தச் சிலையை வைத்தே சோதனை செய்தார். சிலைக்கு டச்-அப் வேண்டாம், கால்ஷீட் வேண்டாம், வேர்க்காது. பக்தி என்றால் கண்ணை மூடிக்கொள்வது என்று நினைத்திருந்த ஊரில் பக்திக்கு விளக்குக் கணக்கு போட்ட முதல் ஆள் இவர்தான். இந்திப் பதிப்பில் சரோஜினி நாயுடு திரையில் தோன்றி எம்.எஸ்ஸை அறிமுகப்படுத்தினார். இதிலும் எம்.ஜி.ஆர். இருந்தார், ஒன்பது வருஷம் கழித்தும் சின்ன வேஷத்தில்.

பிறகு சேலம், மாடர்ன் தியேட்டர்ஸ். அதிபர் டி.ஆர். சுந்தரம் கண்டிப்பில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியரைத் தோற்கடிப்பவர். 1950-ல் அங்கே இரண்டு படம். பாரதிதாசனின் கதையை வைத்து எடுத்த ‘பொன்முடி’யில் காதலர்கள் வேண்டிய அளவுக்கு மேல் நெருங்கிவிட்டதாகப் பத்திரிகைகள் கொதித்தன. இன்னொன்று ‘மந்திரி குமாரி’. குண்டலகேசிக் கதை, கொள்ளையைக் கலை என்று வாதாடும் ராஜகுருவின் மகன், கதாநாயகன் எம்.ஜி.ஆர். வசனம், இருபத்தைந்து வயசைத் தாண்டியிருந்த மு. கருணாநிதி. அடுக்குமொழி அருவியாகக் கொட்டுகிறது. எதிரே டங்கன் உட்கார்ந்து அதில் ஒரு சொட்டுகூட நனையாமல், நிழல் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். எதிர்கால முதல்வர்கள் இரண்டு பேரை ஒரே படத்தில் வேலை வாங்கிய டைரக்டர், இரண்டு பேரும் சொல்வது புரியாமலே வேலை வாங்கியிருக்கிறார். படம் முடியும் முன்பே அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார். மிச்சத்தை சுந்தரம் முடித்தார்.

சேலத்தோடு தொடர்பு அறவில்லை. மாடர்ன் தியேட்டர்ஸும் ஹாலிவுட் கம்பெனி ஒன்றும் சேர்ந்து 1952-ல் எடுத்த ‘தி ஜங்கிள்’ படத்துக்கு டங்கன் தயாரிப்பில் இருந்தார். இந்தியக் காட்டில் யானைகள் மிரண்டு ஓடுகின்றன. காரணம், அழிந்துபோனதாக நினைத்த மாமத் யானைகள் உயிரோடு இருக்கின்றன! மாமத்துக்கு எங்கே போவது? நம்மூர் யானைகளுக்கே ரோமப் போர்வை மாட்டி நடக்க விட்டார்கள். நம் வெயிலில் கம்பளி போட்டு நடித்த அந்த யானைகளின் பெயர் டைட்டிலில் வரவில்லை. ‘காடு’ என்று தமிழிலும் வெளியிட்டார்கள்.

கடைசியில் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரத்தில் சொந்தக் கம்பெனி வைத்து டாக்குமெண்டரி எடுத்து வாழ்ந்தார் டங்கன். பிறந்த ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரம்தான். அங்கே அவர் படம் பிடித்தவர்கள் எல்லோரும் இங்கிலீஷ் பேசினார்கள், ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குப் புரிந்தது. அந்தப் படங்களின் பெயர் இன்று நம்மில் ஒருவருக்கும் தெரியாது.

2001-ல் காலமானார். அதே வருஷம் வெளிவந்த சுயசரிதைக்கு ‘எ கைட் டு அட்வென்ச்சர்’ என்று பெயர். பாகவதர், எம்.எஸ்., கருணாநிதி, ரோமம் போர்த்திய யானை எல்லாமே துரையின் கணக்கில் ஒரே சாகசப் பயணம். நாம்தான் அதைக் குடும்பச் சித்திரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.