காற்றில்லாதபோதே ஏற்றிக்கொள்

தரம் 8 பிள்ளைக்கு விஞ்ஞான ஒப்படை என்று ஒரு தாள் வீட்டுக்கு வந்தால், அது வாப்பாவுக்கு வந்த தாள். பிள்ளை தபால்காரன் மட்டும்தான். என் மகள் கொண்டுவந்ததில் இருந்தது ஒரே வரி: சூடான வளியால் மேலெழும் பலூனின் மாதிரியுருவை அமைத்துக் காட்டுக. அதற்குக் கீழே பேனாவால், “மேசையில் வைக்கக்கூடிய அளவில்” என்று ஒரு சேர்க்கை. தவணையோ இரண்டாவது. அதாவது சோளகக் காலம்.

சிலாவத்துறையில் சோளகம் அடிக்கும்போது கொடியில் போட்ட சாரத்தை மூன்றாம் வீட்டில் போய்த்தான் எடுக்க வேண்டும். இந்தக் கரையின் காற்றை நம்பித்தான் மன்னார்த் தீவில் 30 காற்றாலைகளை நட்டு, 103.5 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள். தம்பபவனி என்று பெயர் வைத்து 2020 டிசம்பரில் திறந்தார்கள். அரசாங்கம் காற்றுக்கென்றே தேடிப் பிடித்த கரையில்தான் நாங்கள் ரிசு பேப்பரில் பலூன் விட வேண்டுமாம்.

பலூனை முதலில் விட்ட மொங்கோல்பியே சகோதரர்களுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. பிரான்சில் அனோனே என்ற ஊரில் அவர்களுடைய தகப்பனார் காகித ஆலை வைத்திருந்தார். தாளுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லாத வீட்டில் விஞ்ஞானம் தானாக வளரும். இன்று சித்திரம் கீறுகிறவர்கள் விலை கேட்டுவிட்டுத் திரும்ப வைக்கிற கான்சன் தாளில் இருப்பதும் அந்தக் குடும்பத்து மருமகனின் பெயர்தான். 1783 ஜூன் 4ஆம் திகதி ஊர்ச் சனத்துக்கு முன்னால் அவர்கள் பலூனை ஏற்றிக் காட்டினார்கள். ஆனால் தூக்குவது சூடு என்று அவர்களுக்குத் தெரியாது. புகைதான் தூக்குகிறது என்று நம்பி, ஈர வைக்கோலையும் ஆட்டுமயிரையும் போட்டு எரித்தார்கள். தவறான விளக்கத்தோடு சரியான பலூன். எங்கள் பிள்ளைகளுக்குப் பரீட்சையில் நடப்பது இதற்கு நேர்மாறு.

என் மச்சானும் புகைக் கட்சி. வல்வெட்டித்துறையில் முத்துமாரி அம்மன் கோயில் இந்திரவிழாவுக்கு விடுகிற புகைக்குண்டு என்ற பலூன்களைப் பார்த்துவிட்டு வந்தவர். “பேரிலேயே புகை இருக்கு, பிறகென்ன விளக்கம்?” என்பார். அந்தப் புகைக்குண்டுகள் ஆளுயரத்தையும் தாண்டியவை. அங்கே யாரும் மேசையில் வைக்கச் சொல்லி அம்மனைக் கேட்பதில்லை.

அளவு பெரிய விஷயம். ஒரு மீற்றர் விட்டமுள்ள உருண்டைக்குள் அரைக் கனமீற்றருக்குச் சற்றுக் கூடிய வளி இருக்கும். வெளியே 30 பாகை, உள்ளே 100 பாகை என்றால் அது தூக்கக்கூடிய பாரம் ஏறத்தாழ 115 கிராம். ரிசு பேப்பர் 60 கிராம் வரும்; மிச்சத்தில் பசையும் வாயில் கட்டும் ஈர்க்கு வளையமும் அடங்கும். இப்போது ரீச்சரின் மேசைக்காக விட்டத்தைப் பாதியாக்குங்கள். தாள் காலாகும், வளியோ எட்டில் ஒன்றாகிவிடும். 14 கிராம் தூக்கக்கூடியது 15 கிராம் தாளைச் சுமந்துகொண்டு நிற்கும். கப்பலுக்கு மாதிரி செய்தால் வாளித் தண்ணீரிலும் மிதக்கும். பலூனுக்கு மாதிரி செய்தால் அது ரிசு பேப்பர்ப் பை. பறக்கிற பலூனுக்கு மாதிரி, பறக்கிற அளவுள்ள பலூன்தான். இதை நான் கடதாசியில் எழுதி மகளிடம் கொடுத்தனுப்பினேன். “அளவைக் குறைத்தால் போதும்” என்று பதில் வந்தது.

குறைக்கவில்லை. தாளை எப்படி வெட்டினால் உருண்டை வரும் என்று நானும் மச்சானும் கேத்திரகணிதப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது மாமி எட்டிப் பார்த்தார். “இது குடைப்பாவாடை வெட்டுதானே,” என்று கத்தரியை வாங்கி, இலைபோலப் பன்னிரண்டு துண்டு வெட்டித் தந்துவிட்டு, உலையைப் பார்க்கப் போய்விட்டார். கோதுமை மாப் பசையால் ஒட்டும் வேலை மட்டும் எங்களுக்கு.

சின்ன மகனுக்குப் பயணி இல்லாத பலூனில் விருப்பமில்லை. வெர்சாயில் அரண்மனை முன்றலில் மன்னர் பார்த்திருக்க ஓர் ஆட்டையும் வாத்தையும் சேவலையும் மொங்கோல்பியே பலூனின் கூடையில் ஏற்றி அனுப்பிய கதையை அவனுக்குச் சொன்னது யார் என்பது முக்கியமில்லை. இறங்கிய பிறகு சேவலின் செட்டை காயப்பட்டிருந்ததாம். உயரம் ஆகாதோ என்று ஆராய்ந்து பார்த்தால், புறப்படுவதற்கு முன்பே ஆடு மிதித்துவிட்டது என்றார்கள். என் மனைவி கதை முழுவதையும் கேட்டுவிட்டுக் கோழிக்கூட்டைப் பூட்டினாள்.

எரியும் கந்தலைத் தொங்கவிட்டு ஏற்றலாம் என்றார் மச்சான். முகாம் உள்ள ஊரில் நெருப்போடு ஒன்று ஆகாயத்தில் போனால், அதற்கு யார் போய் விஞ்ஞான விளக்கம் கொடுப்பது? அதே 1783இல் பாரிசிலிருந்து போன ஐதரசன் பலூன் கொனெஸ் என்ற கிராமத்தில் விழுந்தபோது, சனங்கள் பூதமென்று குத்திக் கிழித்தே போட்டார்கள். அதனால் நெருப்பு நிலத்திலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. குழியில் சிரட்டைத் தணல், மேலே இரண்டு பக்கமும் வெட்டிய பிஸ்கற் ரின், அதன் மேலே பலூனின் வாய்.

சுபஹ் தொழுதுவிட்டு வந்த நேரம் காற்று சற்று அடங்கியிருந்தது. தம்புள்ளைப் பக்கம் உல்லாசப் பயணிகளைப் பலூனில் ஏற்றுகிறவர்களும் விடியலில்தான் ஏற்றுகிறார்கள். காற்றும் குறைவு, வெளிவளி குளிர்ந்திருப்பதால் தூக்கும் விசையும் கூட. நான்கு பேர் பிடித்திருந்த பை மெல்ல வயிறு வைத்தது. கைகளை இழுத்தது. விட்டோம். வேலியைத் தாண்டி, முருங்கையைத் தாண்டி ஏறியது. மச்சான் “புகைதான்!” என்றார். அந்த நேரம் பார்த்துச் சோளகம் எழும்பியது. பலூன் பக்கத்து வளவுக் கூரையில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஒட்டுப்போட்டுக் கண்காட்சிக்குக் கொண்டுபோனோம். பகல் பதினொரு மணி, தகரக் கூரை மண்டபம், நெருப்புக்கு அனுமதியில்லை. “இது பறக்குமா?” என்று கேட்டார் நடுவர்.

“விடியப் பறந்தது, சேர்.”

“இப்ப?”

“இப்ப வெளிவளியும் சூடு, சேர். அதோட அடுப்பும் இல்ல.”

முதற்பரிசு ரெஜிபோம் உருண்டை ஒன்றுக்குப் போனது. சிவப்பும் மஞ்சளும் பூசி, மீன்பிடி நரம்பில் தொங்கவிட்டிருந்தார்கள். அடியில் சின்னக் கூடை, அதற்குள் பிளாஸ்ரிக் ஆடு. மேசையில் அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் மகள் சொன்னாள், “வாப்பா, அந்த நரம்ப நாங்களும் கட்டியிருக்கலாம்.”

அடுத்த தவணைக்கான ஒப்படை நேற்று வந்தது: பொருட்கள் நீரில் அமிழ்வதற்கான காரணத்தைச் செய்து காட்டுக. மச்சான் தாளை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார். காலில் கல்லைக் கட்டி முத்துக் குளிக்க இறங்கிய கரைக்காரரிடம், ஒருவழியாகத் தெரிந்த பாடத்தில் கேள்வி வந்திருக்கிறது.