ஏறுவோமா, மாட்டோமா: தோற்ற மாலையின் கணக்கியல் குறித்து ஓர் ஆய்வு

அணி வென்ற மாலையில் கால்பந்து ரசிகனை ஆராய ஒன்றுமில்லை. பாடுவான், குடிப்பான், வீட்டுக்குப் போய்த் தூங்குவான். தோற்ற மாலையில்தான் அவனுக்குள் உறங்கும் புலவர் எழுந்து உட்காருகிறார். ‘இனி ஏறுவோமா, மாட்டோமா’ என்ற ஒரே வினாவின் மேல் தடையும் விடையும் அடுக்கி, மேற்கோள் காட்டி, மறுத்து, கடை சாத்தும் வரை அவர் நடத்தும் வாதத்துக்குத் தமிழில் முறையான உரை எதுவும் இல்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். வேறு உருப்படியான நோக்கம் ஏதேனும் இருக்குமோ என்று யாரும் ஐயுற வேண்டாம்.

முதலில் களம். இங்கிலாந்துக் கால்பந்தின் இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பில் 24 அணிகள். ஒவ்வொன்றுக்கும் 46 ஆட்டங்கள். முதல் இரண்டு இடத்தார் நேரே பிரீமியர் லீகுக்கு ஏறுவார்கள். 2019 விதிப்படி மூன்று முதல் ஆறு வரை உள்ளவர்கள் பிளே-ஆஃப் என்னும் தனிப் போட்டியில் மோதி, வெம்ப்ளி மைதானத்தில் ஜெயிக்கும் ஒரே ஒருவர் மூன்றாவதாக ஏறுவார். ஒன்பது மாதம் உழைத்து மூன்றாவதாக வந்தவரையும், தட்டுத்தடுமாறி ஆறாவதாக வந்தவரையும் ஒரே வரிசையில் நிறுத்தும் இந்த ஏற்பாட்டின் முதல் வடிவம் 1987இல் வந்தது. நியாயம் என்று எவரும் சொல்வதில்லை. எடுத்துவிடச் சொல்வாரும் இல்லை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நாள் 2019 ஏப்ரல் 19, புனித வெள்ளி. லீட்ஸ் யுனைடெட் தன் எல்லண்ட் ரோடு மைதானத்தில் விகன் அணியைச் சந்தித்தது. விகனோ அடுக்கை விட்டுக் கீழே விழும் அச்சத்தில் இருந்த அணி. ஆட்டம் தொடங்கிக் கால் மணி ஆவதற்குள் அதன் ஆட்டக்காரர் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். லீட்ஸுக்கு பெனால்ட்டி. பாப்லோ ஹெர்னாண்டஸ் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அதனால் என்ன, சற்று நேரத்தில் பாம்ஃபர்ட் கோல் போட்டார். பதினொருவருக்கு எதிரே பத்துப் பேர், ஒரு கோல் முன்னிலை, சொந்த மைதானம். தோற்பது கடினம். லீட்ஸ் அந்தக் கடினத்தைச் சாதித்தது. விகனின் கேவின் மாஸி இரண்டு கோல் போட்டார். 1–2.

பொருளிலக்கண மரபுப்படி சொன்னால், இவ்வாய்வின் நிலம் மைதானத்துக்கு எதிரே உள்ள ஓல்ட் பீக்காக் மதுக்கடையும் அதைச் சுற்றிய தெருக்களும். பொழுது, ஆட்டம் முடிந்து அரை மணி கழிந்த மாலை. கருப்பொருள், பியரும் உருளைக்கிழங்கு வறுவலும். உரிப்பொருள் இரங்கல். அங்கே கூடுவோரைப் பல மரபினராகப் பிரிக்கலாம். அவர்களுள் தலையாயவர் கணக்கர்.

அன்று மாலைக் கணக்கு இது. லீட்ஸிடம் 82 புள்ளி. அதே நாளில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டை வென்ற ஷெஃபீல்ட் யுனைடெடிடமும் 82. கோல் வித்தியாசத்தில் ஷெஃபீல்ட் முந்தி இரண்டாம் இடத்தைப் பிடித்துவிட்டது. இருவருக்கும் மீதி மூன்று ஆட்டம். கணக்கர் பியர் கோப்பைக்கு அடியில் கிடக்கும் அட்டையைத் திருப்பிப் போட்டு, பேனா கடன் வாங்கி எழுதத் தொடங்குகிறார். மூன்றையும் வென்றால் நமக்கு 91. ஷெஃபீல்ட் ஒன்றில் மட்டும் சறுக்கினால் போதும். கூட்டலில் பிழையே இல்லை. பிழை அதற்கு முந்திய வரியில் இருக்கிறது. பத்துப் பேர் கொண்ட விகனிடம் சற்று முன் தோற்ற அணி, அட்டையின் பின்புறம் வந்ததும் மூன்று ஆட்டத்தையும் வென்றுவிடுகிறது.

இதில் நுட்பமான இடம் இப்ஸ்விச். அந்த ஆண்டு இப்ஸ்விச் மூன்றாம் அடுக்குக்கு இறங்குவது அதற்குள் உறுதியாகியிருந்தது. ஷெஃபீல்டுக்கும் லீட்ஸுக்கும் மீதமிருந்த ஆட்டங்களில் அது பொது. ‘ஷெஃபீல்டோடு மோதும்போது இப்ஸ்விச் மானத்துக்காக ஆடும், நம்மோடு மோதும்போது இப்ஸ்விச்சுக்கு ஆட என்ன இருக்கிறது?’ என்பது கணக்கர் வாதம். ஒரே அணி, ஒன்பது நாளுக்குள் இரண்டு குணம். ஒரே சொல்லுக்கு இடம் நோக்கி இரு பொருள் கொள்ளும் உரையாசிரியர்கள் நம்மிடமும் உண்டு. ஆனால் அவர்கள் பியர் அட்டையில் எழுதியதில்லை.

அடுத்தவர் புள்ளியியலார். வாய்ப்புகளின் தரப்படி எத்தனை கோல் விழுந்திருக்க வேண்டும் என்று சொல்லும் ‘எதிர்பார்க்கப்பட்ட கோல்’ என்ற அளவை இவருடைய வேதம். முப்பதுக்கும் மேற்பட்ட முறை கோலை நோக்கி அடித்த அணி தோற்கவில்லை, தோற்றதாக ஸ்கோர் பலகை காட்டுகிறது, அவ்வளவே என்பார். கைபேசியை நீட்டுவார். ஆடிய விதத்துக்குப் புள்ளி தருவதாக இருந்தால் இவர் கட்சி வென்றுவிடும். இவருக்கு லீட்ஸின் அன்றைய பயிற்சியாளரே ஆதரவு. மைதான ஓரத்தில் கவிழ்த்த நீல வாளியின் மேல் உட்கார்ந்து ஆட்டம் பார்த்த மார்செலோ பியெல்சா, ஆராய்ச்சியில் நம்மையெல்லாம் விழுங்கியவர். அந்த ஜனவரியில் டெர்பி அணியின் பயிற்சியை வேவு பார்க்க ஆள் அனுப்பியதாகப் புகார் எழுந்தபோது, நிருபர்களைக் கூப்பிட்டு, எதிரணிகளை எப்படி ஆராய்கிறேன் என்று திரையிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் விளக்கினார். அபராதம் 2 லட்சம் பவுண்டு. இந்த டெர்பி பின்னால் மறுபடி வரும்.

வரலாற்றர் அதிகம் பேசமாட்டார். 1975இல் பாரிஸ் நகரில் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் லீட்ஸின் லாரிமர் போட்ட கோலை நடுவர் மறுத்ததிலிருந்து தொடங்கி, 2004இல் பிரீமியர் லீகிலிருந்து விழுந்தது, 2007இல் மூன்றாம் அடுக்குக்குப் போய் மைனஸ் 15 புள்ளியோடு பருவத்தைத் தொடங்கியது என்று வரிசையாகச் சொல்லி, ‘லீட்ஸ்னா இப்படித்தான்’ என்று முடித்துக்கொள்வார். நடுவரைத் திட்டுவோர் தனி மரபு என்பாரும் உளர். அது பொருந்தாது. எதிரணியாளருக்குச் சிவப்பு அட்டையும் நமக்கு பெனால்ட்டியும் தந்த நடுவரை அன்று எந்த முகத்தோடு திட்டுவது?

இம்மரபினர் எவரும் எவருடைய கருத்தையும் மாற்றியதாகச் சான்று இல்லை. மாற்ற முயன்றதாகவும் இல்லை. காரணம் தேட நம் துக்க வீட்டுத் திண்ணைக்குப் போனால் போதும். ‘நேற்றுக்கூட நல்லாத்தானே பேசினார்’ என்கிறார் ஒருவர். ‘அந்த டாக்டர்கிட்டே முன்னாலேயே காட்டியிருக்கணும்’ என்கிறார் இன்னொருவர். அங்கே யாரும் மருத்துவம் பேசவில்லை. எழுந்து போக மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். தோற்ற மாலைக் கணக்கும் அந்த இனம். ஏறும் வாய்ப்பை அது கணிப்பதாக நினைத்துத்தான் வெளியாள் சிரிக்கிறான். நம்பிக்கைதான் ஆளைக் கொல்லும் என்று அந்நாட்டு ரசிகர்கள் ஓயாமல் சொல்வார்கள். சொல்லிவிட்டு அடுத்த அட்டையை எடுப்பார்கள்.

நடந்ததையும் பதிவு செய்வது ஆய்வாளன் கடமை. மூன்று நாள் கழித்து, ஈஸ்டர் திங்களன்று, லீட்ஸ் பிரென்ட்ஃபோர்டிடம் 0–2 தோற்றது. அடுத்து ஆஸ்டன் வில்லாவோடு 1–1. வில்லா ஆட்டக்காரர் காயம்பட்டுக் கிடந்தபோது லீட்ஸ் கோல் போட்டுவிட, சச்சரவு மூண்டது. வில்லாவை எதிர்ப்பின்றி ஒரு கோல் போட விடுங்கள் என்று தன் ஆட்களுக்குப் பியெல்சா உத்தரவிட்டார். அந்த ஆட்டம் சமனில் முடிந்ததும் ஷெஃபீல்ட் ஏறுவது உறுதியாயிற்று. மானத்துக்காக ஆட வேண்டிய இப்ஸ்விச் ஷெஃபீல்டிடம் 0–2 தோற்றிருந்தது. ஆட ஒன்றுமில்லாத அதே இப்ஸ்விச் கடைசி நாளில் லீட்ஸை 3–2 வென்றது. அட்டையில் 91, பட்டியலில் 83.

பிளே-ஆஃபில் எதிரே வந்தது டெர்பி. லீகில் இரு முறையும் லீட்ஸிடம் தோற்ற அணி. அரையிறுதியின் முதல் ஆட்டத்திலும் சொந்த மண்ணிலேயே 0–1 தோற்றது. மூன்று முறை வென்றவன் நான்காம் முறையும் வெல்வான் என்பது எல்லா மரபினரும் ஒருமித்த ஒரே சித்தாந்தம். நான்காம் முறை எல்லண்ட் ரோடிலேயே டெர்பி 4–2 வென்றது.

சரி, ஒரு தோல்வியை வைத்து ஏற்றத்தைச் சொல்லவே முடியாதா? முடியாது என்பதே இக்கட்டுரையாளர் துணிபு. 2025இல் சண்டர்லாண்ட் லீகின் கடைசி ஐந்து ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்றுவிட்டு, 76 புள்ளியோடு பிளே-ஆஃப் புகுந்து, ஏறியே போய்விட்டது. அதற்கு முந்திய ஆண்டு லீட்ஸ் 90 புள்ளி எடுத்தும் மூன்றாம் இடத்தில் நின்று, வெம்ப்ளியில் சவுதாம்ப்டனிடம் 0–1 தோற்றது. அந்தத் தோற்ற மாலைகளில் எத்தனை அட்டைகள் தீர்ந்தனவோ.

எனினும், அடுத்தவன் சறுக்கினால் போதும் என்ற கணக்கரின் இரண்டாம் வரியை முற்றிலும் தள்ளிவிட இயலாது. 16 ஆண்டு காத்திருப்புக்குப் பின் லீட்ஸ் பிரீமியர் லீகுக்கு ஏறியது 2020 ஜூலை 17 அன்று. வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் ஹடர்ஸ்ஃபீல்டிடம் 1–2 தோற்றதால் அது உறுதியானது. லீட்ஸுக்கு அன்று ஆட்டமே இல்லை.