ஸ்கான் அண்ணை

காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளில், ஒழுங்கைக்கு ஒரு ஸ்கான் அண்ணை உண்டு. வங்கியிலோ கச்சேரியிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் நீல நிறச் செருகி ஒன்று எப்போதும் இருக்கும். காரின் கணினிகள் எழுதி வைக்கும் கோளாறுக் குறியீடுகளை, அதாவது 'கோட்'களை, போனில் காட்டும் கருவி அது; உள்ளே இருக்கும் சிப்பின் பெயரால் ஈஎல்எம்327 என்று அதற்குப் பெயர். அந்தச் சிப்பைச் செய்த கனடாக் கம்பனி 2022இல் கடையை மூடிவிட்டது. நகல் எடுத்தவர்கள் மூடவில்லை. அண்ணையிடம் இருப்பது நகலின் நகல்.

பொனற் திறந்தபடி நிற்கிற கார் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அது பிளக்-இன் ஹைபிரிட் என்றால், குடித்த தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

அவருக்கு இந்த மவுசைத் தேடிக் கொடுத்தது அரசாங்கம்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறக்க 2025 ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய காரின் விலை ஏறிய ஏற்றத்தில், அதற்கு ஒரு தும்மல் வந்தாலும் வீடே பதறியது. பிளக்-இன் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு தனி. 2022இல் பெற்றோல் வரிசையைப் பார்த்துச் சிரிக்கலாம் என்றிருந்தார்கள். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரத்தை வெட்டினார்கள். இரண்டிலும் ஓடும் என்று வாங்கிய வண்டிக்கு இரண்டுமே கிடைக்கவில்லை.

சரி, அண்ணை காரைப் பார்க்கும் விதத்துக்கு வருவோம். கார் மிற்சுபிஷி அவுட்லாண்டர், 2013இல் ஜப்பானில் வெளிவந்த முதல் வகை. 'ரெடி' விளக்கு எரியவில்லை. எரியக் கூடாத விளக்கெல்லாம் எரிகின்றன. அண்ணை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகியைக் குத்துவார், போனைப் பார்ப்பார், மூக்குக் கண்ணாடியை இறக்குவார். பதினான்கு கோட்.

"பெரிய பற்றறி முடிஞ்சுது தம்பி."

"நேற்று வடிவா ஓடினதே அண்ணை?"

"நேற்று நல்லா இருந்தவன் இண்டைக்குச் சாகிறேல்லையோ?"

பெரிய பற்றறி என்பது காரின் தரைக்கு அடியில் இருக்கும் 80 செல், சுமார் 300 வோல்ற். அதைக் காரோடு இணைக்கும் ரிலேக்களை இழுத்து மூடுவதோ சின்னஞ்சிறு 12 வோல்ற் பற்றறி. சின்னவர் சோர்ந்தால் பெரியவர் எவ்வளவு திடமாக இருந்தும் வெளியே வர வழியில்லை. காரில் உள்ள கணினிகளுக்கெல்லாம் சாப்பாடும் சின்னவரிடமிருந்துதான். அது குறைந்ததும் ஒவ்வொன்றும், பக்கத்துக் கணினியின் குரலைக் காணவில்லை என்று முறைப்பாடு எழுதி வைக்கும். 'யூ'வில் தொடங்கும் கோடுகளில் பெரும்பாலானவை இந்த முறைப்பாடுதான். செத்தவீட்டில் பெலத்து அழுகிறவர்கள் எல்லாரும் உரித்துக்காரர் இல்லை என்பது அண்ணைக்கு நன்றாகத் தெரியும். காருக்குள் மட்டும் அது நினைவுக்கு வராது. மல்ரிமீற்றரை வைத்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்: ஓய்ந்திருக்கும் நல்ல பற்றறி 12.6 காட்டும், 12க்குக் கீழே போனால் வெறுமை. ஆனால் அவருடைய மீற்றருக்கு புளூடூத் இல்லை. அதனால் மதிப்பும் இல்லை.

இதற்கிடையில் கார் ஜப்பான் மொழியில் ஏதோ பேசும். அண்ணை கையை உயர்த்திச் சனத்தை அமைதிப்படுத்துவார். "கேட்டீரே? பற்றறி எண்டு அதுவே சொல்லுது." அது சொல்வது, நெடுஞ்சாலைச் சுங்க அட்டை செருகப்படவில்லை என்று.

இவ்வளவையும் மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது, போகிற போக்கில் கோடுகளை அழித்துவிட்டுப் போவது. கோளாறு நடந்த கணத்தில் வேகம் என்ன, வெப்பம் என்ன, வோல்ற் எவ்வளவு என்று கார் குறித்து வைத்த துப்பெல்லாம் அதோடு போய்விடும். விளக்கு அணையும், உரிமையாளர் கையெடுத்துக் கும்பிடுவார். சில நாளில் கார் கராஜுக்குப் போகும்; அங்கே மெக்கானிக் பாஸின் கையில் ஒரு தடயமும் இருக்காது.

பாஸ் அதிகம் பேசாத மனிதர். அண்மையில் வந்த இன்னொரு பிளக்-இன்னில் ஏசி போட்டால் மட்டும் விளக்கு எரிந்தது. கோட், பீ சீரோ ஏ ஏ சிக்ஸ். உயர் வோல்ற் எங்கேயோ காரின் உடலில் கசிகிறது என்று பொருள். எங்கே என்று அது சொல்லாது. அண்ணை வழக்கம்போலப் பெரிய பற்றறிக்குச் சாவுச் சான்றிதழ் எழுதிவிட்டார். பாஸ் கேட்டது ஒரே கேள்வி: "ஏசிக்கு எங்க காஸ் அடிச்சது?"

பிறகு சேர்விஸ் பிளக்கைக் கழற்றி, கப்பாசிற்றர் வடியும் வரை காத்திருந்து, 1000 வோல்ற் தாங்கும் கையுறையோடு, மின்காப்பைச் சோதிக்கும் 500 வோல்ற் மெகரை வைத்து ஒவ்வொரு கிளையாகப் பிரித்து அளந்தார். கொம்பிரசருக்குப் போகும் செம்மஞ்சள் நிற உயர் வோல்ற் வயரைப் பிரித்ததும் கசிவு மறைந்தது. சாதாரணக் காரில் கொம்பிரசரை பெல்ற் சுற்றும்; அதற்குப் பெரும்பாலும் பீஏஜி எண்ணெய். பிளக்-இன்னின் மின்சாரக் கொம்பிரசரில் மோட்டரின் சுருளே காஸிலும் எண்ணெயிலும் நனைந்திருக்கிறது. ஆகவே மின்சாரம் கடத்தாத எஸ்டர் எண்ணெய்தான் விட வேண்டும். காஸ் அடித்தவர் எல்லாக் காருக்கும் விடுவதை இதற்கும் விட்டிருந்தார்.

அண்ணையின் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். செம்மஞ்சள் வயரை அவர் ஒரு நாளும் தொட்டதில்லை, தொட யாரையும் விட்டதுமில்லை. இரவு பத்து மணிக்கு மழையில் கார் நின்றால் குடையோடு வருகிற ஒரே ஆள் அவர்தான். காசு வாங்கமாட்டார்.

எண்ணெய்க் கதையை அவர் பாஸின் தோளுக்குப் பின்னால் நின்று முழுக்கக் கேட்டார். அதன்பின் ஒழுங்கைக்குள் வருகிற வாகனம் எல்லாவற்றையும் மறித்து விசாரணை. இரண்டே ஃபியூஸ் உள்ள மொரிஸ் மைனரில் வந்த மாஸ்ரரும் தப்பவில்லை.

"மாஸ்ரர், கொம்பிரசருக்கு என்ன எண்ணெய் விட்டனீங்கள்?"

"என்ர காரில கொம்பிரசரே இல்லையே."

"அப்ப ஆரோ கழட்டிப் போட்டாங்கள்."