பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்

கிறிஸ்துமஸ் வந்தால் போதும், இங்கிலாந்து மேடைகளில் டிக் விட்டிங்டன் வந்துவிடுவான். கிழிந்த சட்டை, தோளில் மூட்டை, காலடியில் பூனை. அநாதைப் பையன் லண்டனுக்கு வருவான், அடி வாங்குவான், ஊரைவிட்டு ஓடப் பார்ப்பான். தேவாலய மணிகள் அவனைத் திரும்ப அழைத்து மேயர் பதவியை வாக்களிக்கும். எலித் தொல்லை பிடித்த தூரதேசத்து அரசன் பூனைக்குப் பொன்னைக் கொட்டுவான். ஏழை மேயராகிவிடுவான். குழந்தைகள் கைதட்டுவார்கள். கணக்குப்பிள்ளைகள் எழுந்து நின்றே கைதட்டலாம், பேரேட்டை இவ்வளவு அழகாக மறைத்த கதை அபூர்வம்.

நிஜ ரிச்சர்ட் விட்டிங்டனுக்குக் கிழிந்த சட்டை ஏது? குளோஸ்டர்ஷயரில் பாண்ட்லி என்ற ஊரின் நிலப்பிரபு, சர் பட்டம் பெற்ற வில்லியம் விட்டிங்டனின் இளைய மகன் அவர். நிலம் மூத்தவனுக்குப் போகும். இளையவர் லண்டனுக்கு வந்து பட்டும் வெல்வெட்டும் விற்றார். 1381-இல் தலைக்கு ஒரு ஷில்லிங் வரி தாங்காமல் குடியானவர்கள் கலகம் செய்து தூக்கில் தொங்கினார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, அப்போது ஆண்ட அதே இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் இந்த ஒரு கடையில் மட்டும் சுமார் 3,500 பவுண்டுக்குத் துணி எடுத்தார். கஜானாவில் பணமில்லை என்று யார் சொன்னது?

அந்த மன்னர்தான் 1392-இல் லண்டன் நகரத்தின் உரிமைகளைப் பறித்துவிட்டு, பத்தாயிரம் பவுண்டு கறந்தபின் திருப்பிக் கொடுத்தவர். 1397-இல் மேயர் ஆடம் பாம் பதவியிலிருக்கும்போதே இறந்துபோக, தேர்தல் கீர்தல் என்று நகரத்தாருக்குச் சிரமம் வைக்காமல் தன் துணிக்கடைக்காரரையே நாற்காலியில் உட்காரவைத்தார். மணியோசை எந்தத் திசையிலிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

1399-இல் மன்னர் கவிழ்ந்தார். விட்டிங்டனுக்கு அவர் வைத்த பாக்கி 1,000 பவுண்டு. கவிழ்த்த நான்காம் ஹென்றி அதைத் தீர்த்து, அவரைத் தன் ஆலோசனைச் சபையிலும் சேர்த்துக்கொண்டார். அடுத்து வந்த ஐந்தாம் ஹென்றிக்கும் கடன் போனது. யார் தலை உருண்டாலும் விட்டிங்டன் பேரேடு மூடப்படவில்லை. மன்னர்களுக்குக் கொடுத்த கடன் மொத்தம் ஏறத்தாழ 60,000 பவுண்டு.

வட்டி? சிவசிவா! வட்டி வாங்குவது திருச்சபைக்குப் பாவம். அதனால் மன்னர்கள் வேறு வழியில் நன்றி காட்டினார்கள். கம்பளி ஏற்றுமதி வரியில் கடனைக் கழித்துக்கொள்ளலாம். லண்டன் துறைமுகத்தில் அந்தக் கம்பளி வரியை வசூலிக்கும் பதவியிலும் சில ஆண்டுகள் யார் உட்கார்ந்திருந்தார் தெரியுமா? அவரேதான். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். இவ்வளவுக்கும் பிறகு 1421-இல் வட்டிக்காரர்களை விசாரிக்கும் நீதிபதியாகவும் அமர்ந்தார். சிரிக்காமல் அமர்ந்திருப்பார் என்றே நம்புகிறேன்.

பூனைக் கதை முளைத்தது அவர் இறந்து நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் கழித்து. 1605-இல் அது நாடகமாகவும் அனுமதி பெற்றுவிட்டது. யாருக்குத் தேவைப்பட்டது இந்தக் கதை? மன்னனுக்குக் கடன் கொடு, வரிப்பெட்டிச் சாவியை வாங்கு என்று ஏழைப் பிள்ளைக்குச் சொன்னால் அவன் கல்லெடுப்பான். பூனை வளர் என்றால் காத்திருப்பான். கிழவனாகும் வரை காத்திருந்தும் பணம் வரவில்லையென்றால், குற்றம் அவன் பூனையுடையது.

விட்டிங்டன் 1423-இல் பிள்ளையில்லாமல் இறந்தார். சொத்தெல்லாம் தர்மத்துக்கு. முதியோருக்கு விடுதி, கில்ட்ஹால் என்ற நகர மன்றத்தில் நூலகம், தேம்ஸ் அலையே கழுவிவிடும் 128 இருக்கைப் பொதுக் கழிப்பறை: ஆண்களுக்கு 64, பெண்களுக்கு 64. கழிப்பறையை நான் கேலி செய்யமாட்டேன். அந்தச் சொத்தில் ஏழைக்கு நேராகப் போய்ச் சேர்ந்தவற்றில் அதுவும் ஒன்று. நியூகேட் சிறையையும் அவர் பணத்தில் புதிதாகக் கட்டினார்கள். திருடர்களோடு கடன்காரர்களையும் அடைத்துவைத்த சிறை அது. மன்னர் கடன்பட்டால் கம்பளி வரியில் கழிப்பார். சாமானியன் கடன்பட்டால் இருக்கவே இருக்கிறது, விட்டிங்டன் செலவில் புதுச்சுவர்.