கேள்வி-பதில்: ‘என்னை மாற்றிவிடுங்கள்!’

நட்சத்திர வீரர் ஒருவர், ‘தோற்கிற அணியில் இனி இருக்க மாட்டேன், வேறு அணிக்கு அனுப்புங்கள்’ என்று ஊரறியக் கேட்பது நன்றி கெட்டதனம் இல்லையா? – ஈரோடு

இல்லை. அதே அணி ஒரே ராத்திரியில், அவரைக் கேட்காமலே, நாட்டின் மறுகோடிக்கு அவரை அனுப்பிவிடலாம். அதை நாம் வியாபாரம் என்று ஒப்புக்கொள்கிறோம். வீரர் வாய் திறந்தால் மட்டும் துரோகமா? நன்றி இரண்டு பக்கமும் இருக்க வேண்டும்.

அதெப்படி, ஆளைக் கேட்காமலே அனுப்ப முடியும்? – நாகர்கோவில்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில், வீரர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை அணி அப்படியே இன்னோர் அணிக்குக் கைமாற்றலாம். பதிலுக்கு அந்த அணியின் வீரர்களை வாங்கிக்கொள்ளும். இதுதான் டிரேட். காலையில் போன் வரும், மறுநாள் வேறு ஊர்ச் சட்டை. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மனைவியின் வேலை எல்லாம் அவர் பாடு. மறுக்க முடிந்தவர்கள் இரண்டு வகைதான். லீகில் பத்து வருஷம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருஷம் ஒரே அணியில் இருப்பவர்கள் ஒரு வகை. ஒப்பந்தம் போடும்போதே ‘என் சம்மதம் இல்லாமல் டிரேட் கூடாது’ என்று எழுதி வாங்கிக்கொண்டவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது சலுகை பெரும்புள்ளிகளுக்குத்தான் கிடைக்கும்.

மறுக்கிற அந்த உரிமையாவது எப்படி வந்தது? – தஞ்சாவூர்

கர்ட் ஃபிளட் என்ற ஒரு மனிதர் தன் ஆட்ட வாழ்க்கையைப் பணயம் வைத்துப் போராடியதன் தொடர்ச்சியாக வந்தது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் பன்னிரண்டு சீசன் ஆடியவர். 1969 அக்டோபரில் அவரை ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸுக்கு டிரேட் செய்தார்கள். அந்த சீசனில் 99 ஆட்டம் தோற்ற அணி அது. ‘போக மாட்டேன்’ என்று லீக் கமிஷனருக்குக் கடிதம் எழுதினார், பிறகு வழக்கும் போட்டார். 1970 சீசன் முழுக்க ஆடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1972-ல் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றது. அதற்குள் அவருடைய ஆட்டமே முடிந்துவிட்டது. ஆனால் அவர் திறந்த கதவு வழியாக மற்றவர்கள் நடந்து போனார்கள். மேலே சொன்ன பத்து வருஷ விதியை இன்றும் அவர் பெயரால் சொல்கிறவர்கள் உண்டு. இந்த ஆட்டத்தின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பெயர் அவருடையது.

இப்படி ‘அனுப்பிவிடு’ என்று கேட்டவர்களில் உங்கள் மனசில் நிற்பவர் யார்? – மதுரை

டாம் சீவர். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நியூயார்க் மெட்ஸ் 1962-ல் பிறந்த அணி. முதல் சீசனிலேயே 120 ஆட்டம் தோற்று, ஊரே சிரிக்கும் அணியாக இருந்தது. 1967-ல் சீவர் என்ற இளம் பிட்சர் (பந்து வீசுபவர்) வந்தார். 1969-ல் அவர் மட்டும் 25 ஆட்டம் வென்று கொடுக்க, அதே மெட்ஸ் பால்டிமோர் ஓரியோல்ஸை வீழ்த்தி வேர்ல்ட் சீரிஸ் கோப்பையை எடுத்தது. சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை 1969, 1973, 1975 என்று மூன்று முறை வாங்கினார். அணி என்றாலே சீவர், சீவர் என்றாலே அணி.

அணியை ஆசையாக வளர்த்த உரிமையாளர் ஜோன் பேசன் அம்மையார் 1975-ல் காலமானார். அதன்பின் நிர்வாகம் சேர்மன் டொனால்ட் கிராண்ட் கைப்பிடிக்குள் இறுகியது. 1976 கடைசியில் முதல்முறையாக வீரர்கள், ஒப்பந்தம் முடிந்து எந்த அணியிலும் சேரலாம் என்ற ஃப்ரீ ஏஜென்ட்களாகச் சந்தைக்கு வந்தார்கள். அதே ஊரின் யாங்கீஸ், ரெஜி ஜாக்சனை ஐந்து வருஷத்துக்குச் சுமார் 30 லட்சம் டாலர் கொடுத்து அழைத்துக்கொண்டது. மெட்ஸோ கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ‘கேரி மாத்யூஸையாவது வாங்குங்கள், நமக்கு பேட்ஸ்மேன் இல்லை’ என்று சீவர் வெளிப்படையாகவே கேட்டார். வாங்கவில்லை, மாத்யூஸ் அட்லாண்டாவுக்குப் போனார். 1977 ஜூனில் மெட்ஸ் பட்டியலின் அடியில் கிடந்தது. ஜூன் 15 நள்ளிரவு அந்த வருஷத்து டிரேட் கெடு. அன்றுதான் சீவரை சின்சினாட்டி ரெட்ஸுக்குக் கொடுத்தார்கள். அதிரடி பேட்ஸ்மேன் டேவ் கிங்மேனையும் அதே நாளில் சான் டியேகோவுக்கு அனுப்பினார்கள். நியூயார்க் ரசிகர்கள் அந்த ராத்திரியை இன்றும் ‘நள்ளிரவுப் படுகொலை’ என்றுதான் சொல்கிறார்கள்.

பத்திரிகைக்காரர் ஒருவர்தான் சண்டையை மூட்டிவிட்டார் என்கிறார்களே? – சேலம்

டிக் யங். டெய்லி நியூஸ் நாளிதழின் செல்வாக்கு மிக்க பத்தி எழுத்தாளர். கிராண்ட் பக்கம் நின்று சீவரைத் தொடர்ந்து தாக்கி எழுதியவர். அவருடைய மருமகன் மெட்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கெடுவுக்கு முதல் நாள், சீவர் உரிமையாளர் தரப்போடு நேரடியாகப் பேசி, ஒப்பந்த நீட்டிப்புக்கு ஏறக்குறைய ஒப்புக்கொண்டிருந்தார். மறுநாள் யங் எழுதிய பத்தியில், முன்னாள் சக பிட்சர் நோலன் ரயன் சீவரைவிட அதிகம் சம்பாதிப்பது உறுத்துகிறது, இருவர் மனைவியரும் நெருங்கிய தோழிகள் என்று குடும்பத்தை இழுத்திருந்தார். அட்லாண்டாவில் அணியோடு தங்கியிருந்த சீவரின் காதுக்கு அது வந்தது. பேச்சு முறிந்தது. ‘என்னை இங்கிருந்து அனுப்புங்கள்’ என்று சொல்லிவிட்டார். சம்பளத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். வீட்டுப் பெண்ணை இழுத்தது அநாகரிகம். எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அதில் வருத்தமே அதிகம்.

என்ன இருந்தாலும் பணத்துக்காகத்தானே கேட்டார்? – தூத்துக்குடி

பணமும் உண்டு. அதில் என்ன தப்பு? 1976-ல் வருஷம் 2,25,000 டாலருக்கு மூன்று வருஷம் கையெழுத்துப் போட்டார். அடுத்த சில மாதங்களில் சந்தை திறந்தது. அவர் பாதித் திறமை இல்லாதவர்கள்கூட அவரைத் தாண்டிப் போனார்கள். ஆனால் பணம் மட்டும்தான் குறி என்றால், மாத்யூஸை வாங்கு என்று அடுத்தவனுக்குக் கோடி கொடுக்கச் சொல்லியிருக்க மாட்டார்.

அழுதாராமே? – புதுச்சேரி

அழுதார். மெட்ஸின் மைதானமான ஷே ஸ்டேடியத்தில் பொருட்களை எடுக்க வந்தவரிடம் நிருபர்கள் ரசிகர்களைப் பற்றிக் கேட்டதும் பேச்சு வரவில்லை. ஒரு நிருபரின் நோட்டை வாங்கி, சொல்ல வந்ததை எழுதிக் கொடுத்தார். ‘போகிறேன்’ என்று கேட்டவர்களுக்கு ஊர்மீது பாசமே இல்லை என்று நினைப்பவர்கள் இந்தச் சம்பவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த டிரேடில் லாபம் யாருக்கு? – விருதுநகர்

சின்சினாட்டிக்கு. அந்த சீசனின் மீதியில் சீவர் 14 வெற்றி, 3 தோல்வி. அடுத்த வருஷம் ஜூன் 16 அன்று, எதிரணிக்கு ஒரு ‘ஹிட்’கூடக் கொடுக்காமல் ஓர் ஆட்டத்தை முடித்தார்.

மெட்ஸுக்கு வந்த நால்வர் பாட் ஜாக்ரி, டக் ஃப்ளின், ஸ்டீவ் ஹெண்டர்சன், டான் நார்மன். இவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஹெண்டர்சன் அந்த வருஷமே நன்றாக ஆடினார். ஃப்ளின் பின்னாளில் சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் கிளவ் வாங்கினார். சீவருக்குப் பதிலாக வந்தவர் என்ற பாரம் எந்த இளைஞனுக்கும் தாங்காது. 1977, 78, 79 என்று மூன்று வருஷமும் மெட்ஸ் தன் பிரிவில் கடைசி. 1970-ல் சுமார் 27 லட்சம் பேர் வந்த மைதானத்துக்கு 1979-ல் 8 லட்சம் பேர்கூட வரவில்லை. கிராண்ட் பதவி இழந்தார், 1980-ல் அணியே கைமாறியது. ஒரு பிட்சரின் கோபத்தால் சரிந்ததல்ல இது. அவர் எச்சரித்ததைக் காதில் வாங்காததால் சரிந்தது.

இது பழைய கதை. இப்போதும் நடக்கிறதா? – கோயம்புத்தூர்

மயாமி மார்லின்ஸைப் பாருங்கள். ஜியான்கார்லோ ஸ்டாண்டன் 2010 முதல் 2017 வரை எட்டு சீசன் அங்கே ஆடினார். எட்டிலும் வெற்றியைவிடத் தோல்வி அதிகம். 2014-ல் 13 வருஷத்துக்கு 32.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டபோது, டிரேடை மறுக்கும் உரிமையையும் எழுதி வாங்கியிருந்தார். 2017-ல் 59 ஹோம் ரன் அடித்தார். அந்த இலையுதிர் காலத்தில் அணியை வாங்கிய புதிய உரிமையாளர்கள் செலவைக் குறைக்க அவரை விற்கக் கிளம்பினார்கள். செயின்ட் லூயிஸ், சான் பிரான்சிஸ்கோ இரண்டையும் மறுத்துவிட்டு யாங்கீஸுக்குப் போனார். மிஞ்சிய கிறிஸ்டியன் யெலிச்சின் ஏஜென்ட், 2018 ஜனவரியில் ‘இவரையும் அனுப்பிவிடுவதே நல்லது’ என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த மாதமே மில்வாக்கிக்கு டிரேட். அதே வருஷம் யெலிச் நேஷனல் லீகின் மிகச் சிறந்த வீரர் (எம்.வி.பி.). மார்லின்ஸுக்கு 98 தோல்வி.

நம்ம கிரிக்கெட்டில் இப்படிக் கேட்டால்? – சென்னை-17

சென்னைக்குச் செல்லப்பிள்ளை ஆவதற்கு முன்பே ரவீந்திர ஜடேஜா இதை அனுபவித்தார். ராஜஸ்தான் ராயல்ஸ் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியோடு பேச முயன்றார் என்று 2010 ஐபிஎல் முழுக்கத் தடை. அப்போது அவருக்கு 21 வயது.

கேட்பதை ரகசியமாகக் கேட்கலாமே? ஏன் ஊரைக் கூட்ட வேண்டும்? – கும்பகோணம்

பெரும்பாலோர் முதலில் அறைக்குள்தான் கேட்கிறார்கள். கதவு திறக்காதபோதுதான் சத்தம் வெளியே வருகிறது. வெளியே கேட்பதில் ஒரு கெடுதல் உண்டு. விற்றே தீரவேண்டிய நெருக்கடி என்று தெரிந்ததும் மற்ற அணிகள் விலையைக் குறைக்கும். அதனால் நஷ்டப்படுவது பழைய அணியின் ரசிகன். நல்ல வீரர் இதை யோசித்துத்தான் பேச வேண்டும்.

சீவரை நியூயார்க் மன்னித்ததா? – திருநெல்வேலி

மன்னிக்க என்ன இருந்தது? டிரேட் நடந்த இரண்டு மாதத்தில், 1977 ஆகஸ்ட் 21 அன்று, சின்சினாட்டி சட்டையில் ஷே ஸ்டேடியத்துக்கு வந்தார். எதிரே பந்து வீசியவர் பழைய தோழர் ஜெரி கூஸ்மன். மெட்ஸ் தோற்றது. ஆனாலும் வென்ற சீவருக்கு மைதானம் கைதட்டியது. 1983 சீசனுக்கு மெட்ஸ் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அடுத்த வருஷமே, மற்ற அணிகள் எடுக்க முடியாதபடி பாதுகாக்க வேண்டிய வீரர்கள் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்காமல் விட்டு, சிகாகோ ஒயிட் சாக்ஸிடம் இழந்தது. இரண்டாம் முறை போனபோது அவர் எதையும் கேட்கவே இல்லை! 1985-ல் 300-வது வெற்றியை நியூயார்க்கிலேயே எடுத்தார், யாங்கீஸ் மைதானத்தில். 1992-ல் 98.8 சதவீத வாக்கோடு ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழைந்தார்.

விதியை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இருந்தால்? – காரைக்குடி

பழைய விதி ஒன்றைத் திரும்பக் கொண்டுவருவேன். லீகும் வீரர் சங்கமும் போட்ட 1976 ஒப்பந்தப்படி, ஐந்து வருஷ சர்வீஸ் உள்ளவர் சீசன் முடிந்ததும் முறைப்படி டிரேட் கேட்கலாம். மார்ச் நடுவுக்குள் அனுப்பாவிட்டால் ஃப்ரீ ஏஜென்ட். பிற்பாடு அது சுருங்கி, ஒப்பந்தத்தின் நடுவில் டிரேட் செய்யப்பட்டவர்களுக்கு மட்டும் என்றானது. ஹாவியர் வாஸ்குவெஸ் அதை வைத்துத்தான் 2005-ல் அரிசோனாவிலிருந்து வெளியேறினார். 2006 பேச்சுவார்த்தையில் அதுவும் போயிற்று. முறையான வழி இருந்தால் பத்திரிகையில் சண்டை போட வேண்டியதில்லை. கூடவே, ஒவ்வோர் அணியும் வீரர்களின் சம்பளத்துக்கு இவ்வளவாவது செலவழித்தாக வேண்டும் என்று ஒரு குறைந்தபட்சம் வேண்டும். இன்று பேஸ்பாலில் அப்படி ஒன்று இல்லை. லீகுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே இப்போதுள்ள ஒப்பந்தத்தின் கெடு 2026 டிசம்பர் 1. இரண்டு தரப்பும் மேஜையில் உட்காரும்போது இந்த இரண்டையும் எடுத்து வைக்கட்டும்.