சட்டை போட்ட வயர்

வாரும் தம்பி, இரும். தேத்தண்ணி வருது. அல்லைப்பிட்டிச் சந்தியிலை நீர் இறங்கேக்கையே பெட்டியைக் கண்டனான். வெள்ளித்தாள் சுத்தின வயராம். சேர்வர் ராக்குக்கு அதுதான் திறமெண்டு ஆரோ சொன்னவையாம். எனக்கென்ன தெரியும்? அந்த நாளிலை டெலிபோன் கம்பி கட்டித் திரிஞ்ச கிழவன். மேலிலை சட்டையும் இல்லை.

எண்டாலும் கேக்கிறன். ராக்குக்குள்ளை சுவிச்சுக்கும் சேர்வருக்கும் எவ்வளவு தூரம்? ரெண்டு முழம், மிஞ்சினால் நாலு. அதுக்குள்ளை எந்தக் கள்ளன் பூரப்போறான்? சட்டையில்லாத வயருக்குள்ளை எட்டுக் கம்பியும் சோடி சோடியாத் திரிச்சுக் கிடக்கே, வடிவுக்கோ? வெளியிரைச்சல் சோடியிலை ரெண்டு கம்பியிலும் ஒரே அளவாய் ஏறும். மற்றத் தலைப்பிலை வித்தியாசத்தை மட்டும் எடுக்க, இரைச்சல் கழிஞ்சு போகும். கிரகாம் பெல் 1881இலையே இதுக்குக் காப்புரிமை எடுத்திட்டார். நாங்கள் தூணிலை கம்பியை இடம் மாத்திக் கட்டினதும் இதுக்குத்தான்.

கட்-6ஏ எண்டால் சட்டையில்லாமலே பத்து கிகாபிற்றை 100 மீற்றருக்குக் கொண்டுபோகும். வெறும் கட்-6 எண்டாலும் 55 மீற்றர். உம்மடை ராக் என்ன, மண்டைதீவு மட்டும் நீளமோ?

சரி, சட்டைதான் வேணுமெண்டால் ஏர்த் எங்கை? தகரத் தலை, பட்ச் பனல், ராக் எல்லாம் ஒண்டோடை ஒண்டு தொட்டு மண்ணுக்கு இறங்கவேணும். நடுவிலை ஒரு பிளாஸ்டிக் தலை போட்டீரோ, சட்டை அந்தரத்திலை நிண்டு அன்ரெனா மாதிரி இரைச்சலைப் பிடிச்சு உள்ளுக்கு விடும். கதியால் நடாமல் கிடுகு வேலி கட்டினால் மாடும் நிக்காது, சோளகத்துக்கு வேலியே முத்தத்திலை கிடக்கும். எங்கடை மண்ணும் லேசுப்பட்டதில்லை. மேலை காஞ்ச மணல், கரண்ட் இறங்காது. கீழை உப்புத்தண்ணி, ஏர்த் கம்பியைக் கறள் தின்னும். கடைசியாய் எப்ப அளந்து பாத்தனீர்? முழுசாதையும்.

ஜெனரேற்றருக்குப் பக்கத்தாலையோ, ஐஸ் பக்டரி மோட்டருக்குக் கிட்டவோ ஓடுற வயரெண்டால் சட்டை போடும், நான் மறிக்கேல்லை. பக்கத்துக் கட்டிடத்துக்கு எண்டால் ரெண்டும் வேண்டாம், கண்ணாடி நாரை இழும். ரெண்டு கட்டிடத்திலை ரெண்டு ஏர்த், சட்டைவழியே கரண்ட் உலாத்தும்.

இப்ப பெட்டியை உடைக்காமல் கடைக்குக் கொண்டுபோம். மிஞ்சிற காசிலை ஏர்த்தை அளப்பியும். என்ரை சொல்லைச் சட்டை பண்ணாட்டியும் பறவாயில்லை. பில்லெண்டாலும் பத்திரமாய்க் கிடக்கோ?